பார்பேரியனோடு ரோக்: எந்த லெவலில் தாவுவது?

பாத்திரமேற்று பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், வெறியோடு சண்டையிடும் பார்பேரியனோடு இன்னொரு கிளாஸ் (பாத்திர வகை) சேர்க்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: ரேஜில் (பார்பேரியனின் சண்டை வெறி) இருக்கும்போது அந்தக் கிளாஸ் கைகொடுக்குமா? ரேஜ் ஓடும்வரை மந்திரம் போட முடியாது. முன்பே போட்டுவைத்த மந்திரத்தைக் கவனம் கலையாமல் பிடித்திருக்கவும் முடியாது. விஸார்ட், சார்சரர் போன்ற மந்திரவாதி கிளாஸ்கள் எல்லாம் இங்கேயே கழிந்துபோகும். நன்றாக ஒட்டுவது ஃபைட்டரும் (போர்வீரன்) ரோக்கும் (தந்திரமாகத் தாக்குபவன்). இது ரோக்குக்கான திட்டம். கணக்கெல்லாம் 2014 விதிப்படி.

இரண்டு கிளாஸும் சேர ஸ்ட்ரென்த் (வலிமை) 13, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 13 கட்டாயம். 27 புள்ளிகளைத் திறன்களுக்குப் பிரித்துப்போடும் பாயிண்ட் பை முறையில் ஸ்ட்ரென்த் 15, டெக்ஸ் 14, கான் (உடல்திடம்) 15, விஸ்டம் 10, மற்ற இரண்டும் 8. ஹாஃப்-ஆர்க் இனத்தை எடுத்தால் ஸ்ட்ரென்த் 17, கான் 16 ஆகும். கவசம் இல்லாமலே ஏசி (எதிரியின் அடியைத் தடுக்கும் எண்) 15, கேடயம் பிடித்தால் 17. ஸ்கில் தேர்வில் அத்லெட்டிக்ஸை (தள்ளுவது, பிடிப்பது போன்ற உடல்வலு ஸ்கில்) விட்டுவிடாதீர்கள். பின்னால் அதுதான் பெரிய ஆயுதம்.

முதல் லெவல் பார்பேரியனாகவே இருக்கட்டும். ரோக்கில் தொடங்கினால் கான் சேவிங் த்ரோவில் (ஆபத்தைத் தாங்க உருட்டும் பகடை) பயிற்சி கிடைக்காது, மீடியம் கவசப் பயிற்சியும் வராது.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பார்பேரியன் 3ஆவது லெவலில் பாதை (கிளாஸின் உட்பிரிவு) கிடைத்ததுமே ரோக்குக்குத் தாவிவிடுகிறார்கள். ஸ்ட்ரென்த் போன்ற திறன் எண்களைக் கூட்டும் எபிலிட்டி ஸ்கோர் உயர்வு மொத்த லெவலைப் பார்த்து வருவதில்லை, அந்தக் கிளாஸின் 4ஆவது லெவலில்தான் வரும். இரண்டாவது அடி தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் 5இல். அவசரப்பட்டால் இரண்டுமே தள்ளிப்போகும்; மற்றவர்கள் இரண்டு முறை வெட்டும்போது நீங்கள் ஒரு முறை வெட்டிக்கொண்டிருப்பீர்கள். 5 வரை பொறுங்கள். 4இல் கிடைக்கும் உயர்வில் ஸ்ட்ரென்த்தை 18 ஆக்குங்கள், மிச்சம் ஒன்று கானுக்கு.

பிறகு ரோக் 3. ரோக்கின் கூடுதல் சேதமான ஸ்னீக் அட்டாக்குக்கு ஃபினெஸ் ஆயுதம் (லாவகமாகக் கையாளும் ஆயுதம்) வேண்டும் என்பதால் கிரேட்ஆக்ஸை (பெரிய கோடாரி) வைத்துவிட்டு ரேப்பியர் (மெல்லிய வாள்) எடுக்க வேண்டும். நஷ்டமா? ரேஜில் இரண்டு அடியும் பட்டால் கிரேட்ஆக்ஸ் சராசரி சேதம் 25, ரேப்பியர் 21. ரோக் 1இன் ஒரு ஸ்னீக் அட்டாக் பகடை சராசரி 3.5தான், 24.5இல் நிற்கும். ரோக் 3இன் இரண்டு பகடையோடு 28. ஒரு அடி மட்டும் பட்டால் 12.5க்கு எதிராக 17.5. அதனால் ரோக்கில் ஒரே லெவலோடு நிறுத்துவது அரைகுறை வேலை. கிரேட் வெபன் மாஸ்டர் (கனமான ஆயுதங்களுக்கான சிறப்புத் திறன்) மேல் ஆசை இருந்தால் ரோக்கை மறந்து ஃபைட்டருக்குப் போங்கள்.

ரேப்பியரை டெக்ஸால் வீசாதீர்கள். ஃபினெஸ் என்றால் டெக்ஸ் பயன்படுத்தலாம் என்றுதான் பொருள், கட்டாயமில்லை. ரேஜின் கூடுதல் சேதமும் பார்பேரியனின் துணிச்சலான ரெக்லஸ் அட்டாக்கும் ஸ்ட்ரென்த்தால் அடித்தால் மட்டுமே.

ரெக்லஸ் அட்டாக் போட்டாலே அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது), அட்வான்டேஜ் இருந்தால் ஸ்னீக் அட்டாக். ஆனால் எதிரிகளுக்கும் உங்கள்மேல் அட்வான்டேஜ் போய்விடும். இதைவிட அழகான வழி உண்டு. பயிற்சி போனஸை இரட்டிப்பாக்கும் ரோக்கின் எக்ஸ்பெர்ட்டீஸை அத்லெட்டிக்ஸில் வைத்தால் +10, ரேஜில் அதற்கும் அட்வான்டேஜ். முதல் அடிக்குப் பதில் எதிரியைத் தள்ளிக் கீழே வீழ்த்துங்கள். விழுந்தவனைப் பக்கத்திலிருந்து குத்தும் இரண்டாவது அடிக்குத் தானாகவே அட்வான்டேஜ். உங்களைத் திறந்துகாட்ட வேண்டியதில்லை. தள்ளுவதற்குக் காலிக் கை தேவையில்லை, கேடயம் கையிலேயே இருக்கலாம். எதிரியைப் பிடித்துவைக்கும் கிராப்பிளுக்குத்தான் ஒரு கை காலியாக வேண்டும். உங்களைவிட ஒரு அளவு பெரிய எதிரி வரை இது செல்லும், அதற்கு மேல் நடக்காது.

ரோக் 5இல் அடியின் சேதத்தைப் பாதியாக்கும் அன்கேனி டாட்ஜ் வரும். ஓகர் என்ற அரக்கன் கதாயுதத்தால் 13 அடித்தால் அது 6 ஆகும், ரேஜ் அதையும் பாதியாக்கி 3. ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான், ரியாக்‌ஷன் செலவாகும்.

ஓடவும் மறையவும் உதவும் ரோக்கின் கன்னிங் ஆக்‌ஷனும் ரேஜும் முறைக்கு ஒன்றாகக் கிடைக்கும் ஒரே போனஸ் ஆக்‌ஷனுக்குப் போட்டியிடும். முதல் சுற்று ரேஜுக்கே. பிறகு மறைந்துகொள்ளும் ஆசை வந்தால் கவனம்: கடந்த சுற்றில் யாரையும் தாக்காமலும் அடிவாங்காமலும் உங்கள் முறை முடிந்தால் ரேஜ் அணைந்துவிடும். மறுபடி ஏற்ற இன்னொரு ரேஜ் போகும். பார்பேரியன் 5இல் நாளுக்கு இருப்பது 3தான்.