கிரைண்டர் சத்தத்துக்கு நடுங்கும் நாய்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் ஊறிய உளுந்தைக் களையும் சத்தம் கேட்டாலே செம்பி எழுந்து நின்றுவிடும். கிரைண்டர் ஓடத் தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கும். ஆனாலும் அது காதைப் பின்னுக்கு மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு, கூடத்துச் சுவரை ஒட்டியே நடந்து கொல்லைக்குப் போய், மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் சுருண்டுகொள்ளும். மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மாடித் தொட்டியை நிரப்ப வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரைத் திண்ணையோரம் நிறுத்தி ஓட்டினோம். ஐந்து மாதக் குட்டியாக இருந்த செம்பி அப்போது திண்ணைத் தூணில் கட்டிக் கிடந்தது. அதை அவிழ்த்துவிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெனரேட்டர் போன பிறகும் அச்சம் போகவில்லை. அது ஆழ்குழாய் மோட்டாருக்கும், அங்கிருந்து கிரைண்டருக்கும் மிக்சிக்கும் தாவியது. அதைச் சரிசெய்ய முயன்றபோது நாங்கள் செய்த தவறுகளையும், அக்கம்பக்கத்து வீடுகளில் கண்ட தவறுகளையும் எழுதுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை நாயின் மீது அன்பு உள்ளவர்களே செய்பவை.

முதல் தவறு, “கேட்கக் கேட்கப் பழகிவிடும்” என்று நம்புவது. சங்கிலியில் கட்டி அடுக்களை வாசலில் நிறுத்தினால் சில நாட்களில் நாய் முண்டுவதை நிறுத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது துணிந்துவிட்டது என்று பொருளில்லை. தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்து உறைந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு மிகவும் பிடித்த இறைச்சித் துண்டை மூக்கின் அருகே நீட்டிப் பாருங்கள், திரும்பிக்கூடப் பார்க்காது. நமக்குக் கேட்பதும் அதற்குக் கேட்பதும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாயின் காது ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மோட்டாரும் பல்சக்கரமும் எழுப்பும் கீச்சொலியில் நம் காதுக்கு எட்டாத பகுதியும் அதற்கு எட்டிவிடுகிறது. கிரைண்டர் ஓடும்போது தரை அதிர்வதை நாம் கவனிப்பதே இல்லை. தரையோடு வயிறு ஒட்டப் படுத்திருக்கும் நாய்க்கு அந்த அதிர்வு உடம்பு முழுவதும் தெரியும். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்ட அன்றே செம்பியிடம் சிறு மாற்றம் தெரிந்தது.

அச்சத்தில் குரைக்கும் நாயை அதட்டுவதும், சிறுபிள்ளைகள் வேக்குவம் கிளீனரை அதன் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடிச் சிரிப்பதும் தவறு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இதற்கு நேர் எதிரான ஒரு தவறான எண்ணமும் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது: பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது. பயம் என்பது நாய் நம்மிடம் எதையாவது பெறுவதற்காகச் செய்யும் செயலன்று, அது ஓர் உணர்ச்சி. ஆறுதல் அதை வளர்த்துவிடாது. நாய் தானாக வந்து காலடியில் ஒண்டினால் அமைதியாகத் தடவிக் கொடுங்கள். வராத நாயை இழுத்துப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உணவைக் கொண்டு பயிற்சி தருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம், முறை மாறிப்போவது. ருஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் தன் ஆய்வுக்கூட நாய்களிடம் கண்டது எளிய உண்மை: முதலில் ஓசை, அதை ஒட்டி உணவு என்று வந்தால், ஓசையே நாளடைவில் உணவின் முன்னறிவிப்பாகிவிடும். நாமோ முதலில் கோழித்துண்டைக் காட்டி நாயை மிக்சி அருகே வரவழைத்து, அது தின்னத் தொடங்கியதும் பொத்தானைத் திருகுகிறோம். அப்போது நாய் கற்றுக்கொள்வது தலைகீழான பாடம்: கோழித்துண்டு வந்தால் பின்னாலேயே பயங்கரச் சத்தம் வரும். இப்படி ஏமாந்த நாய் பிறகு உங்கள் கையில் உணவைக் கண்டாலே பின்வாங்கும். சத்தம் முதலில் வர வேண்டும். ஓரிரு நொடிக்குள் உணவு வர வேண்டும். சத்தம் நின்றதும் உணவும் நின்றுவிட வேண்டும். அந்த உணவு வழக்கமான பழைய சோறாக இருந்தால் போதாது. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியோ, முட்டைத் துண்டோ என, அந்த நேரத்துக்கு மட்டும் கிடைப்பதாக இருக்கட்டும். உலர்திராட்சையும் வெங்காயம் சேர்ந்த எதுவும் நாய்க்கு நஞ்சு என்பதால், அடுக்களையில் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுவிடக் கூடாது.

அடுத்தது அளவு பற்றியது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய ஒரு சிறுவன் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயலை எட்டத்திலிருந்து சிறுகச் சிறுக அருகே கொண்டுவந்து அவன் அச்சத்தைப் போக்கினார். இன்று நாய்களுக்குச் செய்வதும் அடிப்படையில் அதுவே. நம் பக்கத்துப் பழைய வீடுகள் இதற்கென்றே கட்டியவை போல அமைந்திருக்கின்றன: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும் வீட்டில், சத்தத்துக்கும் நாய்க்கும் நடுவே எத்தனை கதவு வேண்டுமோ அத்தனை கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாங்கள் மிக்சியிலிருந்து தொடங்கினோம். முதல் சில நாட்கள் மிக்சி மேடையில் சும்மா இருந்தது. செம்பி அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு. பிறகு ஜாரைப் பொருத்தும் ‘டக்’ ஓசைக்கு ஒரு துண்டு, ஏனெனில் அந்த ஓசைக்கே அதன் உடல் விறைத்துப் போகும். அதன் பிறகுதான், செம்பி கொல்லையில் என்னோடு இருக்க, இரண்டு கதவுகளுக்கு அப்பால் என் மனைவி ஒரே ஒரு நொடி மிக்சியை ஓட்டினாள். காது மட்டும் அசைந்தது; தின்றது. அந்த எட்டத்திலிருந்து அடுக்களை வாசல்வரை வர எங்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் செய்ததில்லை.

இந்த இடத்தில்தான் அவசரம் கெடுக்கிறது. நான்கு நாள் நன்றாகப் போனால் ஐந்தாம் நாள் நேராகத் தேங்காய்ச் சட்னி அரைத்துவிடத் தோன்றும். எட்டத்தைக் குறைக்கும் நாளில் நேரத்தைக் கூட்டக் கூடாது. நேரத்தைக் கூட்டும் நாளில் எட்டத்தைக் குறைக்கக் கூடாது. தூக்கம் வராத வேளையில் கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொண்டே இருப்பது, ஓடாமலே மூச்சிரைப்பது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, உணவைக் கையோடு கடிப்பதுபோல் பறிப்பது ஆகியவை எல்லாம் ‘போதும்’ என்று நாய் சொல்லும் விதங்கள். உணவை மறுத்துவிட்டால் நாம் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டோம். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மறுநாள் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவது வேறொன்று. மாலையில் ஐந்து நிமிடம் அத்தனை கவனமாகப் பயிற்சி தருகிறோம். மறுநாள் விடியற்காலையில் அதே மிக்சியை நாயின் தலைமாட்டில் முழு வேகத்தில் ஓட்டுகிறோம். ஒரு மாலையில் சேர்த்த நம்பிக்கை ஒரு காலையில் கரைந்துபோகிறது; பிறகு “எவ்வளவோ செய்தும் இந்த நாய்க்குப் பயம் போகவில்லை” என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பயிற்சி நடக்கும் மாதங்களில், முழுச் சத்தம் நாயின் காதில் விழாதபடி வீட்டின் வேலை நேரத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நாங்கள் மாவரைப்பதை, செம்பியை வாய்க்கால் கரையில் நடத்திக்கொண்டு போகும் நேரத்துக்குத் தள்ளினோம். மோட்டார் போடும்போது அதைத் தெருப்பக்கம் கூட்டிப்போவது அம்மாவின் வேலையாயிற்று. குக்கர் மட்டும் எதற்கும் அடங்கவில்லை என்பதால், சில காலம் சோற்றை வடித்துத்தான் சாப்பிட்டோம். இதில் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மனதாக இருக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் அதன் விலையை நாய்தான் கொடுக்கும்.

கைபேசியில் மிக்சி சத்தத்தைப் போட்டுப் பழக்குவது தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அதையே முழுமையாக நம்பக் கூடாது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கிரைண்டரின் அடிக்குரல் உறுமலும் வராது, தரை அதிர்வும் வராது. கைபேசிக்கு அசையாத நாய் உண்மையான கிரைண்டருக்கு ஓடினால், அது பிடிவாதம் பிடிக்கவில்லை. அதற்கு இது புதிய சத்தம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். தீபாவளி வாரத்திலும், ஐப்பசி, கார்த்திகையில் இடி மழை பெய்யும் நாட்களிலும், தை, மாசியில் அறுவடை இயந்திரங்கள் இரவெல்லாம் தெருவில் உருண்டு போகும் நாட்களிலும் நாயின் உடல் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும். அப்போது புதிய படி எதையும் தொடங்க வேண்டாம்.

வளர்ந்த நாய் ஒன்று, இதுவரை பொருட்படுத்தாத சத்தத்துக்குத் திடீரென்று அஞ்சத் தொடங்கினால், பயிற்சியை அல்ல, கால்நடை மருத்துவரை முதலில் நாட வேண்டும். மூட்டிலோ முதுகிலோ வலியுள்ள நாய், சத்தத்தில் திடுக்கிட்டு உடல் விறைக்கும்போது வலி கூடி, அந்தச் சத்தத்தையே வலியோடு சேர்த்துக்கொள்ளக்கூடும் என்று 2018-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. தஞ்சை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அச்சம் மிகக் கடுமையாக இருந்தால் மருந்தும் தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ பாதியாக உடைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஐபுப்ரோஃபென் நாய்க்குக் கொடிய நஞ்சு. உடலை அசத்தும் மருந்து எல்லாம் அச்சத்தைத் தணிப்பதும் இல்லை: அசிப்ரோமசின் என்ற அசத்தும் மருந்தை மட்டும் தந்தால் நாய் துவண்டு படுத்திருக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

செம்பி இப்போது உளுந்து களையும் சத்தம் கேட்டால் எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்து உட்காருகிறது. குக்கர் விசிலுக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்கிறது. கல்யாண வீட்டு ஜெனரேட்டர் தெருவில் உறுமும் இரவுகளில் மட்டும் இன்றும் கொல்லைக்குத்தான் போகிறது. அந்த இரவுகளில் கொல்லைக் கதவுக்கு நாங்கள் தாழ்ப்பாள் போடுவதில்லை.