சராசரி வேக கேமரா: கடைசி நேரத்து பிரேக் ஏன் காப்பாற்றாது?

ரோட்டில் எங்கேயாவது ஸ்பீடு கன் வைத்துக்கொண்டு போலீஸ் நின்றால், எதிரே வருகிற வண்டிக்காரர் ஹெட்லைட்டை ஒரு தடவை சிமிட்டிவிட்டுப் போவார். உடனே காலை பிரேக்குக்கு மாற்றுவோம். அந்த இடத்தைத் தாண்டியதும் மறுபடி மிதிப்போம். மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் ஓட்டுகிறவர் முதல், வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் மைசூர் கிளம்புகிற தண்டையார்பேட்டைக்காரர் வரை எல்லோருக்கும் கை கால் தானாகச் செய்கிற காரியம் இது. சராசரி வேக கேமராவில் சிக்க வைப்பதும் இதேதான்.

மும்பை–புனே விரைவுச்சாலையில் 2024 முதல் இந்த முறை இருக்கிறது. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையிலும் வந்துவிட்டது. நம் ஊர் வண்டிகள் அந்தப் பக்கம் போகாத நாளில்லை. ஆகவே விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இந்த கேமரா உங்கள் வேகத்தை அளப்பதே இல்லை, நேரத்தைத்தான் குறிக்கிறது. முதல் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து, கடந்த நொடியைப் பதிந்துகொள்ளும். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த கேமரா அதே நம்பரைப் படித்து அந்த நொடியைப் பதியும். இடையில் உள்ள தூரம் முன்பே அளந்து வைத்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்குதான். சராசரியே 110 என்றால், வழியில் எங்கேயோ ஓரிடத்திலாவது 110-ஐத் தொட்டிருக்கத்தான் வேண்டும். எங்கே என்று கேமராவுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கேமராவைப் பார்த்ததும் பிரேக் போடுவது இங்கே எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கேமராவுக்கும் இடையே 10 கிலோமீட்டர், அனுமதித்த வேகம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகப் போனால் 6 நிமிடம் ஆகும். ஒருவர் ஒன்பதரை கிலோமீட்டரை 120-இல் ஓட்டிவிட்டு, கேமரா கண்ணில் பட்டதும் கடைசி அரை கிலோமீட்டரை 60-இல் பவ்யமாகக் கடக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஐந்தேகால் நிமிடம், அதாவது சராசரி 114. சலான் வரும்போது, "கேமராகிட்ட நான் அறுபதுலதானே போனேன்?" என்று கேட்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கேமராவின் கேள்வியே வேறு.

பணம் போவது ஒரு பக்கம், இந்த பிரேக்கில் உயிர் பயமும் இருக்கிறது. பின்னால் நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் வந்தால், முன்னால் போகிற கார் காரணமே இல்லாமல் 120-இலிருந்து 60-க்கு இறங்கும்போது அந்த டிரைவர் என்ன செய்வார்? அத்தனை டன் எடை கார் நிற்கிற தூரத்தில் நிற்காது. ஒற்றைக் கேமரா இருக்கும் இடங்களில் வண்டிகள் இப்படி முன்னால் அடங்கி, பின்னால் பாய்வதை ஆராய்ச்சியாளர்கள் கங்காருவோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தத் துள்ளலை நிறுத்துவதுதான் சராசரி முறையின் பெரிய ஆதாயம். பழைய பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தால் சலானும் வரும், பின்னால் இடியும் விழும்.

அடுத்தது, தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைப்பவர் செய்வது. "அண்ணே, நல்லா மிதிச்சிட்டு நடுவுல ஒரு டீ குடிச்சா கணக்கு சரியாயிடும்ல?" என்பார் கிளீனர். ஆகும், தப்பில்லாத கணக்குதான். 10 கிலோமீட்டரை 120-இல் ஓட்டினால் 5 நிமிடம், ஒரு நிமிடம் நின்றால் 6. ஆனால் 100-இல் சீராக வந்தவரும் அதே 6 நிமிடத்தில்தான் கேமராவைக் கடக்கிறார். டீசலையும் டயரையும் எரித்துச் சம்பாதித்த ஒரு நிமிடத்தை ஓரமாக நின்று திருப்பிக் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். டீக்கடையில் நின்றாலாவது பரவாயில்லை. கேமராவுக்கு முன்னால் விரைவுச்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மொபைலில் நேரம் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். நின்றிருக்கும் லாரியின் பின்புறம் கார் மோதிய செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

இன்னொரு வகை, பாதியில் விழித்துக்கொள்வது. முதல் 5 கிலோமீட்டரை 125-இல் ஓட்டியாயிற்று, மீதியை 75-இல் ஓட்டினால்தான் சரியாகும் என்று ஊர்கிறார்கள். அவ்வளவு இறங்கத் தேவையில்லை, 83 போதும். மெதுவாகப் போகும் பகுதியில் கூடுதல் நேரம் செலவாவதால் சராசரி நினைத்ததைவிட வேகமாக இறங்கும். இதை உபாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகமான லேனில் எல்லோரும் 100-இல் வரும்போது 75-இல் ஊர்வது தேவையே இல்லாத ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன். தவிர, கேமரா இருக்கும் இடத்தில் அந்த நொடியின் வேகத்தை அளக்கும் ரேடாரும் இருக்கலாம். சீட் பெல்ட், மொபைல் பேச்சு எல்லாவற்றையும் அதே அமைப்பு பார்க்கிறது.

லேன் மாறினால் தப்பிக்கலாம் என்பது ரொம்ப நாளாகச் சுற்றும் கதை. ஒப்பிடப்படுவது நம்பர்தான், எந்த லேன் என்பதில்லை. கேமரா இரண்டோடு நின்றுவிடும் என்றும் இல்லை. மூன்று, நான்கு இருந்தால் எந்த இரண்டுக்கு நடுவிலும் கணக்குப் போடலாம். ராத்திரி என்றால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பிளேட் பளிச்சென்று விழும், ஃப்ளாஷ் அடிக்கவில்லையே என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

"அவங்க கடிகாரம் தப்பா இருந்தா?" என்பது நியாயமான கேள்வி. இந்த வகைக் கேமராக்களின் கடிகாரங்களை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப்போகச் செய்வது வழக்கம். அப்படியே ஒரு நொடி பிசகினாலும், 6 நிமிடத்தில் ஒரு நொடி என்பது 360-இல் ஒன்று. 100-க்குப் பதில் 100.3 என்று வரும். தூரம் கூடக் கூடப் பிழை குறைந்துகொண்டே போகும்.

ஸ்பீடோமீட்டரை நம்பிச் சலுகை எடுப்பது வேறொரு தவறு. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பதுதான் ஸ்பீடோமீட்டருக்கான விதி. அதனால்தான் மொபைல் மேப் 95 என்னும்போது மீட்டர் 100 காட்டும். இதைத் தெரிந்துகொண்டு, "எப்படியும் பத்து கூட்டித்தான் காட்டும்" என்று 110-இல் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அழகுக்காகக் கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும், சில சமயம் தலைகீழாகவும் ஆகும். புதுப்பேட்டையில் டயர் மாற்றும்போது யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

நம்பர் பிளேட் விளையாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சேறு பூசுவது, எலுமிச்சை மிளகாயை எழுத்துமேல் தொங்கவிடுவது, நம்பரை நம்பராகவே தெரியாதபடி எழுதுவது எல்லாம் தனிக் குற்றம். 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயம்.

பக்கத்து வண்டியைப் பார்த்து ஓட்டுவதில் லாரிக்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். காருக்கு 100 என்றால் லாரிக்கும் 100 என்று அர்த்தமில்லை. சென்னை நகருக்குள்ளேயே 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை வகுத்த வரம்பு காருக்கு 60, கனரக வண்டிக்கும் பைக்குக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதி என்றால் யாராக இருந்தாலும் 30. வண்டி என்ன ரகம் என்பது பதிவெண்ணிலேயே தெரிந்துவிடும்.

உண்மையில் எவ்வளவு நேரம்தான் மிச்சமாகிறது? பெங்களூரு–மைசூரு சுமார் 120 கிலோமீட்டர். 100-இல் போனால் 72 நிமிடம், தடையே இல்லாமல் 120-இல் போனால் 60. பன்னிரண்டு நிமிடம். துறைமுகத்து ஜீரோ கேட்டுக்கு வெளியே மணிக்கணக்காக வரிசையில் நிற்கிற டிரைவருக்கு அதன் மதிப்பு என்ன என்று அவருக்கே தெரியும். அவரை விரட்டுவது பெரும்பாலும் யார்டிலிருந்து வரும் போன்தான். சலானை மட்டும் டிரைவர் பேட்டாவில் பிடிக்கிற முதலாளிகளும் இந்தக் கட்டுரையைப் படித்தால் நல்லது.

பிரிட்டனில் இந்த கேமராக்கள் 1999-லிருந்து இருக்கின்றன. 2016-இல் அங்கே வந்த, ஆர்ஏசி ஃபவுண்டேஷன் என்ற சாலைப் போக்குவரத்து ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வு, இவற்றைப் பொருத்திய சாலைகளில் உயிரிழப்பு, பலத்த காயம் ஏற்படும் விபத்துகள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. டிரைவர்கள் திருந்திவிட்டார்கள் என்பதற்கில்லை, எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனார்கள். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வேகம் என்றதும் முன்வண்டியை ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் போகத் தொடங்குவார்கள். சிலர் ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்ப்பார்கள். க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் வரம்புக்கு மூன்று நான்கு கீழே வைத்துவிட்டு, முன்னால் இரண்டு மூன்று நொடி இடைவெளி விட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

வடசென்னையில் இதற்குப் பொருத்தமான ரோடு எது என்று என்னைக் கேட்டால், மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையைச் சொல்வேன். நீளமானது, நடுவில் நின்று போக வேண்டிய சிக்னல் குறைவு. எண்ணூர் விரைவுச் சாலையில் வைத்தால் பாதி நேரம் டிராஃபிக்கில் நின்றே சராசரி இருபதுக்கு வந்துவிடும், பிறகு காலி இடத்தில் பறப்பவரைப் பிடிக்க முடியாது. அங்கே ஒற்றைக் கேமராவும் ஸ்பீடு கன்னும்தான் சரி.

கடைசியாகச் சலான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவில், கார் போன்ற இலகு ரக வண்டிக்கு 1000 முதல் 2000 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2000 முதல் 4000. வண்டியை விற்றுவிட்டு பெயர் மாற்றம் செய்யாமல் விட்டால், வியாசர்பாடியில் வாங்கியவர் மிதிப்பதற்கு ராயபுரத்தில் விற்றவருக்குச் சலான் வரும். ஆர்.சி.யில் பழைய மொபைல் நம்பர் இருந்தால் எஸ்எம்எஸ் யாருக்கோ போய், அபராதம் ஏறியிருப்பது எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகும்போதுதான் தெரியும். வாட்ஸ்ஆப்பில் "ஆர்டிஓ சலான்" என்று ஏபிகே ஃபைல் (தொட்டால் மொபைலில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள், பேங்கில் இருப்பதைத் துடைத்துக்கொண்டு போகிற கும்பலின் வேலை அது. சலான் நிஜமா என்று பார்க்க பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் போதும். போட்டோவும் அங்கேயே இருந்தால், பிளேட் உங்களுடையதுதானா என்று ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.