ரிட்டர்ன் பம்ப் சோர்ந்தால் கடைக்கு ஓடாதீர்கள்

மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார். "என்னம்மா, மீன் தொட்டியில சத்தமே காணோம்?" என்றார். ஓவர்ஃப்ளோவில் தண்ணீர் விழும் சலசலப்பு அவருக்குத் தாலாட்டு மாதிரி. நான் தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. கீழே வடிந்த தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் பெரும்பாலும் ஒரே நாளில் நிற்காது. மாதக்கணக்கில், நம் கண்ணுக்குத் தெரியாமல் தளரும்.

என்னுடையது பவழம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, சுமார் 255 லிட்டர். கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது மேலிருந்து வழியும் தண்ணீர் வந்து சேரும், அறைகள் பிரித்த இன்னொரு தொட்டி. பம்ப் இருப்பது அதில்தான். வில்லிவாக்கத்தில் வீடு என்பதால் கொளத்தூர் மீன் கடைகள் பக்கம். அந்த வசதியே அன்றைக்குக் கெடுதலாகிவிட்டது. நேராகப் போய்ப் புது பம்ப் வாங்கி வந்து மாட்டினேன். தண்ணீர் ஏறக்குறைய அதே மந்தம்தான். கோளாறு பம்பில் இல்லை, பைப்பில்.

அதனால் முதல் வேலை அளப்பது. ஐந்து லிட்டர் குடிநீர் கேனின் மேல்பக்கத்தை வெட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் ஐந்து முறை ஊற்றி, மார்க்கரில் கோடு போடுங்கள். மெயின் டேங்கில் தண்ணீர் வெளிவரும் வாயில் ஒரு துண்டு டியூப் மாட்டி, கேனை அதே உயரத்தில் பிடித்து நிரப்புங்கள். டியூப்பைத் தரை வரை தொங்கவிட்டு அளந்தால் பம்ப் ஏற்ற வேண்டிய உயரம் குறைந்து, கணக்கு பொய்யாகிவிடும். எத்தனை நொடி என்று பார்த்து 18,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். தொட்டி புதிதாக இருந்தபோது எனக்கு 12 நொடி, அதாவது 1,500 லிட்டர். பம்ப் பெட்டியில் 3,000 என்றுதான் போட்டிருந்தது. அது ஏற்றமே இல்லாதபோது வரும் அளவு. நாலரை அடி ஏற்றமும் இரண்டு எல்போவும் பாதியைத் தின்றுவிட்டன. மாமியார் சொன்ன அன்று 25 நொடி, வெறும் 720 லிட்டர். புது பம்ப் போட்ட பிறகும் 22 நொடிதான்.

கழற்றுவதற்கு முன் சில்லறைக் காரணங்களைப் பாருங்கள். சம்ப்பின் கடைசி அறையில் தண்ணீர் குறைந்திருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். கரகரவென்று சத்தம், மேலே பொடிக் குமிழ்கள். மே மாதத்தில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் ஆவியாகிறது, ஆவியானதைத் தானாக நிரப்பும் ஏடிஓ கருவியின் வாளி காலியானால் அன்றே தெரிந்துவிடும். டிசி பம்ப் என்றால் கன்ட்ரோலரில் வேகத்தை யாராவது குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த "யாராவது" ஏழு வயது மகள்.

இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து வந்த பம்ப். அண்ணன் ஆசையாக ஒன்று கொண்டுவந்தார். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினேன். வோல்டேஜ் சரியாகிவிடும், ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். தண்ணீரைத் தூக்கும் உயரம் அதைவிட மோசம், 70 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். எவ்வளவு கழுவினாலும் அது தேறாது.

சரி, இனி பம்பை எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை உப்புத் தண்ணீரில் வைக்க வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. மேலே தொட்டித் தண்ணீரைக் கலக்கும் வேவ்மேக்கர் ஓடட்டும், மீனுக்கு மூச்சு முட்டாது. நான் இந்த வேலையை மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாளில் வைத்துக்கொள்கிறேன். எப்படியும் பம்ப் நிற்கப்போகிறதே. அன்று வேவ்மேக்கருக்குப் பதில் பேட்டரி ஏர் பம்ப்.

முன்மூடியைத் திருகி இம்பெல்லரை, அதாவது உள்ளே சுற்றும் காந்தமும் இறக்கையும் சேர்ந்த பகுதியை, இழுத்தெடுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள். ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் குட்டி ரப்பர் புஷ்கள் சிங்க் ஓட்டைக்குள் போவதற்கென்றே பிறந்தவை. உள்ளே வெள்ளைக் காரை படிந்திருக்கும். பவழத்துக்காக கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் உயர்த்தி வைக்கிறோம், பம்ப் சூடாகும் இடத்தில் அது சுண்ணாம்பாக ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டு விடுகிறவர்கள் அதைப் பம்ப் வாய்க்குப் பக்கத்தில் விட்டால் இன்னும் சீக்கிரம் படியும். நான் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். "என் வெத்தலப் பெட்டிய விட இதுல நிறைய இருக்கேம்மா" என்றார் மாமியார்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு, ஒரு மணி நேரம் ஊறட்டும். நுரைத்து அடங்கிய பிறகு பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள், இம்பெல்லர் உட்காரும் குழிக்குக் காது பட்ஸ். வினிகர் இல்லையென்றால் சிட்ரிக் ஆசிட் தூள், லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. பாத்ரூம் ஆசிட் பக்கம் போகாதீர்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயும் போடாதீர்கள், இதற்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

கழுவியதும் மூன்றைப் பாருங்கள். இறக்கை உடைந்திருக்கிறதா? செராமிக் ஷாஃப்டில் மயிரிழை விரிசலோ தேய்மானமோ உண்டா? காந்தம் உப்பி, மேல்பூச்சு வெடித்துத் துரு கசிகிறதா? துரு கசிந்தால் அந்த இம்பெல்லர் திரும்பத் தொட்டிக்குள் போகக் கூடாது. ஏசி பம்புகள் பலவற்றில் இறக்கை மட்டும் காந்தத்தின் மேல் கொஞ்ச தூரம் தளர்வாகத் திரும்பும். கோளாறு என்று நினைத்து பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், மோட்டார் கிளம்புவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

இப்போது பம்பா பைப்பா என்று தீர்ப்பு சொல்லலாம். வாளியில் பழைய உப்புத் தண்ணீர், அதில் பம்ப், அதன் வாயில் உள்ளே தண்ணீர் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூப். டியூப்பை நேராகத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் எந்த உயரத்தில் ஏறாமல் நிற்கிறது என்று பாருங்கள். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். பம்பின் மேலேயே அதிகபட்ச உயரம் அச்சிட்டிருக்கும், அதற்குக் கிட்டத்தட்ட வந்தால் பம்ப் நிரபராதி. என்னுடைய பழைய பம்பில் 3 மீட்டர் என்று போட்டிருந்தது, 2.8 வந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, புது பம்புக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

பைப்பை யூனியனில், அதாவது திருகிக் கழற்றும் இணைப்பில், கழற்றியபோது தெரிந்தது. இருட்டான பிவிசி சுவர் முழுக்கக் கடற்பஞ்சும் குழாய்ப்புழுக் கூடுகளும். 25 மில்லி பைப்பில் கட்டைவிரல் நுழையவில்லை. அதைவிட மோசம் ரிட்டர்ன் லைனில் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்க நானே ஆசைப்பட்டு மாட்டிய நான்-ரிட்டர்ன் வால்வ். அதன் மடல் புழுக்கூடுகளில் சிக்கி, பாதி திறப்பில் நின்றிருந்தது. ஒரு பக்கம் தண்ணீரை மறிக்கிறது, கரண்ட் போனால் முழுதாக மூடவும் செய்யாது.

நீளக் கம்பி பிரஷ்ஷால் பைப்பைக் குடைந்தேன். மறுபடி மாட்டியதும் முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்டிவிடுங்கள், செத்த கடற்பஞ்சு தொட்டிக்குள் போனால் தண்ணீர் கெடும். வால்வை எடுத்தே விட்டேன். அதற்குப் பதில் ரிட்டர்ன் பைப்பில், தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு துளை. பம்ப் நின்றால் அதன் வழியே காற்று புகுந்து, தண்ணீர் பின்னோக்கி இறங்குவது நின்றுவிடும். இப்படிச் செய்தால் ஒருமுறை வேண்டுமென்றே பம்பை அணைத்து, இறங்கும் தண்ணீரைச் சம்ப் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். துளையையும் அவ்வப்போது குத்திவிட வேண்டும், பாசி அடைத்துக்கொள்ளும்.

பழைய பம்பையே திரும்ப மாட்டினேன். 13 நொடி. புதிதாக வாங்கியதை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஸ்பேராகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு டேப் ஒட்டி, மாதம் ஒருமுறை நொடிக் கணக்கை எழுதுகிறேன். 16-ஐத் தொட்டால் பம்பைக் கழற்றுவேன். போன மாதம் 14.