கடனுக்குக் கூச்சமில்லை, உதவிக்குத்தான் கூச்சம்: மேடைக் கலைஞர்கள் செய்யும் தவறுகள்

என் அப்பா இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். எனக்கு அந்தக் கை வரவில்லை, எழுத்து வேலைதான் வாய்த்தது. நாடகம், கரகம், நையாண்டி மேளம் என்று மேடைக்குப் போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன், படிவம் நிரப்புவேன், தேவைப்பட்டால் இ-சேவை மையத்துக்கும் கூடப் போவேன். பதினைந்து வருஷமாக இதைச் செய்கிறேன். இத்தனை நாளில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. நாடகத் தேதி பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டிடம் ஐந்து வட்டிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடன் கேட்கிற மனுஷர், உதவித்தொகைப் படிவத்தில் 'நலிந்த நிலையில் வாழும் கலைஞர்' என்ற வரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.

"நலிஞ்சவனாய்யா நான்? போன சித்திரையில மட்டும் பதினெட்டு நாடகம் ஆடியிருக்கேன்."

இப்படிக் கேட்டவர் ஒரு ராஜபார்ட், நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். உள்ளேயிருந்து எங்களுக்குக் காபி கொண்டுவந்த அந்த வீட்டு அக்காவின் காதில், தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி செருகியிருந்தது.

ராத்திரிக் கணக்கு

மேடைக்காரரிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு ராத்திரிச் சம்பளத்தைத்தான் சொல்வார். மாதச் சம்பளமாக யாரும் யோசிப்பதில்லை. ஒரு பேச்சுக்கு, ராத்திரிக்கு 2,500 ரூபாய், சீசனுக்கு 60 ராத்திரி என்று வைத்துக்கொள்வோம். 1,50,000 ஆகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பவுடர், பூ, உடுப்பு வெளுக்க, பஸ், விடியற்காலை டீ என்று ராத்திரிக்கு 500 போனால் 30,000 கழிந்தது. மிச்சம் 1,20,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பத்தாயிரம்.

மாசியில் சூடுபிடித்து ஆடியோடு தணிந்துபோகிற தொழிலில் இந்தப் பத்தாயிரம்தான் நிஜச் சம்பளம். சித்திரையில் கையில் காசு புரளும்போது பைக்குக்குத் தவணை போட்டவர்கள், ஐப்பசி மழையில் குடையோடு என் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

ராத்திரிக் கணக்கு வேறு வழியிலும் கெடுக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். வருமானச் சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. விசாரித்தபோது, "ராத்திரிக்கு அஞ்சாயிரத்துக்குக் கொறஞ்சு நான் தேதி குடுக்கிறதில்ல சார்" என்று மீசையை நீவிக்கொண்டு சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. சான்றிதழில் ஏறிய தொகையைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாலே போதும், பெருமைக்குச் சொல்கிற தொகையை மேடையோடு விட்டுவிடலாம்.

அட்வான்ஸ் என்கிற கடன்

மார்கழியில் ஏஜெண்ட் தானாகவே வந்து 20,000 கொடுப்பார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, "சீசன்ல கழிச்சுக்கலாம்ணே" என்பார். உதவி மாதிரியே இருக்கும். அடுத்த பங்குனியில் நல்ல திருவிழாக் கமிட்டி ஒன்று 3,500 தருகிறேன் என்று கூப்பிடும்போதுதான், அந்தத் தேதி ஏற்கெனவே 1,800-க்குப் போய்விட்டது தெரியும். இருபது ராத்திரிக்கு இந்த வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள், 34,000 வரும். எந்த வட்டிக்கடைக்காரரும் இவ்வளவு கேட்க மாட்டார்.

அட்வான்ஸே வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, மார்கழி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். வாங்கினால் எத்தனை தேதிக்கு, தேதிக்கு என்ன சம்பளம் என்று ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மொத்த சீசனையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்காதீர்கள். ஏ.டி.எம். கார்டை அடமானமாகக் கேட்கிறவரிடம் மட்டும் எந்தக் காலத்திலும் கடன் வாங்காதீர்கள். அப்புறம் உங்கள் கணக்கில் விழுகிற உதவித்தொகையும் அவர் கைக்குத்தான் போகும். கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டல் வந்தால் புகார் கொடுக்கலாம்.

பெட்டியை அடகு வைப்பது

அப்பா இதைச் செய்தார். நாடகமே இல்லாத ஒரு மார்கழியில் தங்கைக்குச் சீர் செய்ய வேண்டும் என்று ஆர்மோனியத்தை அடகு வைத்தார். சீசன் தொடங்கியதும் வாடகைப் பெட்டி எடுத்துக்கொண்டு போனார். சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்குப் போனது, மீட்கக் காசு சேரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மீட்டு வந்தபோது துருத்தியில் எலி கடித்த ஓட்டை. மேல் ஷட்ஜத்தில் விரல் வைத்தால் நாதத்துக்குப் பதில் காற்று வந்தது. திண்ணையில் உட்கார்ந்து அந்த ஒரு கட்டையையே வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார்.

அடகு வைத்தே தீர வேண்டும் என்றால் தோட்டை வையுங்கள், அதையும் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். தோடு இல்லாமல் நாடகம் ஆட முடியும். பெட்டியோ தவிலோ உடுப்போ இல்லாமல் அடுத்த நாள் சம்பாதிக்க முடியாது.

அட்டையைத் தள்ளிப்போடுவது

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் உறுப்பினராகச் சேர வேண்டும். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, இறுதிச்சடங்கு என்று சின்னதும் பெரியதுமாக உதவிகள் உண்டு. பெரிய தொகைகள் இல்லைதான். "இதுக்குப் போயி ரெண்டு நாள் அலையணுமா" என்பார்கள். அப்படி அலுத்துக்கொண்டவர்கள் 2020-இல் விரலைக் கடித்துக்கொண்டார்கள். மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நேரம், பேசி வைத்த தேதியெல்லாம் ஒரே ராத்திரியில் ரத்து. வாரிய உறுப்பினர்களுக்கு நிவாரணம் 1,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பெயர் பதியாதவருக்கு அந்த ஆயிரமும் இல்லை.

வாரியம் வேறு, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வேறு. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருவது மன்றம். வாரிய அட்டை கையில் இருந்தால் வயதானதும் அது தானாக வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகத்திலும் மாத உதவித்திட்டம் ஒன்று உண்டு. தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும் என்பதால், கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்தில் நேரே கேட்டுக்கொள்வதே நல்லது. இடையில் ஒருவர் வந்து "நான் வாங்கித் தர்றேன், வர்றதுல கால்வாசி எனக்கு" என்றால் கதவைச் சாத்துங்கள்.

படிவம் எங்கே திரும்பி வருகிறது தெரியுமா? பெரும்பாலும் பெயரில். நாடக நோட்டீஸில் பட்டத்தோடு மேடைப் பெயர் இருக்கும். ஆதாரில் அப்பா அம்மா வைத்த பெயர். வங்கிக் கணக்கில் இனிஷியல் மாறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. நோட்டீஸ் அடிக்கும்போதே மேடைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் சொந்தப் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

அந்த நோட்டீஸை எடுத்தும் வையுங்கள். நாற்பது வருஷம் பெண் வேஷம் கட்டி ஆடிய ஒரு ஸ்திரீபார்ட் அக்காவிடம் தொழிலுக்குச் சான்று கேட்டார்கள். அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வடை மடித்துக் கொடுத்தது, அலமாரித் தட்டில் விரித்தது எல்லாம் அந்த நோட்டீஸ்தான். கடைசியில் எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் மஞ்சப்பையைத் துழாவி, அப்பா, அந்த அக்கா இரண்டு பேர் படமும் இருந்த நான்கு நோட்டீஸைத் தேடி எடுத்தேன். வருஷத்துக்கு மூன்று நோட்டீஸ், நான்கு போட்டோ, ஒரு மஞ்சப்பை. செலவே கிடையாது.

கதவைச் சாத்திக்கொள்வது

சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் பாணன் ஒருவன் சொல்கிற ஓர் அடுக்களை வருகிறது. குட்டி போட்ட நாய் பால் வற்றிக் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். பார்த்தவர்கள் ஏதாவது பேசுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தக் கதவு இன்றைக்கும் சாத்தித்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றுப்படை என்பதே என்ன? உதவி பெற்ற கலைஞன் வழியில் பார்க்கிற இன்னொரு கலைஞனிடம் "இன்ன இடத்துக்குப் போ, கிடைக்கும்" என்று சொல்வதுதானே. அந்தப் பாணனும் தன் வீட்டுக் கீரையை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் நல்லியக்கோடன் என்ற மன்னனிடம் போகிற வழியைக் காட்டுகிறான். இன்றைக்கு ஒருவருக்கு உதவித்தொகை வந்தால் பக்கத்து வீட்டு மிருதங்கக்காரருக்குத் தெரியக் கூடாது என்று மூச்சு விடுவதில்லை. இது எனக்குக் கோபம் வருகிற இடம்.

கேட்கத் துணிந்தவர்களும் பொதுப்படையாகக் கேட்பார்கள். "ஏதாச்சும் பாத்துச் செய்யுங்கண்ணே." கேட்கப்பட்டவர் சட்டைப்பையில் கைவிட்டு 200 ரூபாய் கொடுத்துவிட்டு, மறுபடி எதிரில் பார்த்தால் ஒதுங்கிப்போவார். "பாப்பாவுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் 12,000 கட்டணும், இருபதாம் தேதி கடைசி. ஏழாயிரம் இருக்கு. மிச்சத்துக்கு வழி இருக்கா?" என்று கேட்டால் அவர் யோசிப்பார். தன்னிடம் இல்லாவிட்டாலும் இன்னொருவரைக் காட்டுவார், நேரே கல்லூரியிலேயே கட்டிவிடுகிறேன் என்பார். கொடுப்பது கடனா அன்பளிப்பா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து, "அது சும்மா குடுத்ததுன்னு நெனச்சேண்ணே" என்று தலை குனிந்து நிற்கிற சங்கடம் இருக்காது.

செல்போன் வீடியோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாரோ வருவார்கள். "ஒரு காலத்தில் ராணியாக வாழ்ந்தவர் இன்று கஞ்சிக்கு வழியில்லாமல்" என்று சோக இசையோடு போடுவார்கள். ஒரு வாரம் காசு வரும், சந்தேகமில்லை. அப்புறம் கமிட்டிக்காரர் போன் செய்வதை நிறுத்திவிடுவார். "அந்தம்மாவுக்கு முடியலையாமே, வீடியோவில பாத்தோம்." உதவி வந்தது, தேதி போனது. வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் பாடிக் காட்டுங்கள், கூப்பிட வேண்டிய எண்ணைச் சொல்லுங்கள். எடுப்பவர் தன்னுடைய கணக்கு எண்ணையோ கியூஆர் அட்டையையோ போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

மொத்தமாக ஒரு தொகை வந்துவிட்டால் அடுத்த தவறு ஆரம்பிக்கும். சொந்தக்காரர் வரிசையில் நிற்பார்கள். சினிமாவிலும் மேடையிலும் ஊருக்கே தெரிந்த பாடகி பரவை முனியம்மா, உடம்பு முடியாமல் கஷ்டப்பட்டபோது 2015-இல் அரசு 6 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அதைக் கையில் கொடுக்காமல் வங்கியில் வைப்பு வைத்து, மாதாமாதம் வட்டி வருகிற மாதிரி செய்தார்கள். சின்னத் தொகைக்கும் இதே வழி பொருந்தும். 50,000 வந்தால் முதலில் ஐந்து வட்டிக் கடனை அடையுங்கள், பெட்டி அடகில் இருந்தால் மீட்டு வாருங்கள், மீதியை உங்கள் பெயரிலேயே வைப்பில் போடுங்கள். மருமகன் பெயரில் வேண்டாம்.

முதலில் சொன்ன ராஜபார்ட் மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் வந்தார். "அந்தப் பாரத்த எடு" என்றார். நலிந்த என்ற வார்த்தையைப் பற்றி அன்றைக்கு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முகவரி, வயது, எத்தனை வருஷம் ஆடினார் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன். மடியில் வைத்து நிதானமாகப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பட்டம், மேடைப் பெயர், அடியில் ஒரு சுழி.

அலமாரியிலிருந்து இன்னொரு படிவம் எடுத்தேன்.