முடிச்சை அவிழ்க்காமல் படிப்பது எப்படி?

துப்பறியும் கதை ஒன்றுக்காக இரண்டு வாரம் கயிறும் கையுமாக இருந்தேன். முடிச்சைச் சாட்சியாகக் கொள்வது கற்பனையல்ல. 1982இல் தொடங்கிய சர்வதேச முடிச்சாளர் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஜெஃப்ரி பட்வொர்த் லண்டன் காவல்துறையில் பணியாற்றியவர்.

கயிறு: தேங்காய் நார்க் கயிறு வேண்டவே வேண்டாம். சிலும்பிக்கொண்டு எது மேலே, எது கீழே என்றே தெரியாது. சிவப்பிலும் வெள்ளையிலும் வழவழப்பான பருத்திக் கயிறு ஒவ்வொரு முழம் போதும்.

முதல் படி: பாவாடை நாடாவைக் கட்டும்போது முதலில் போடுவோமே, அந்த அரை முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். இரண்டு கயிறும் ஒன்றையொன்று சுற்றியிருக்கும். முன்பக்கம் தெரியும் சுற்று மேல் இடமிருந்து கீழ் வலமாகச் சாய்ந்தால் ‘எஸ்’. மேல் வலமிருந்து கீழ் இடமாகச் சாய்ந்தால் ‘இஸட்’.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரே முடிச்சு முதல் நாள் குறிப்பில் எஸ், மறுநாள் இஸட்! பின்பக்கம் திருப்பினேன், தலைகீழாக்கினேன், சாய்வு மாறவில்லை. பிறகுதான் புரிந்தது: முதல் நாள் மேசையில் முறுக்கு இடவலமாகக் கிடக்கும்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். கால் வட்டம் திருப்பினால் சாய்வு மாறித் தெரியும். எனவே இரு கயிறும் சுற்றிய முறுக்கு எப்போதும் நிமிர்ந்து நிற்கவேண்டும், நூலின் முறுக்கைப் பார்ப்பதுபோல.

இரண்டாம் படி: அதன்மேல் இன்னொரு அரை முடிச்சு. எஸ்ஸும் இஸட்டும் சேர்ந்தால் ரீஃப் முடிச்சு, தட்டையாகப் படியும். இரண்டும் ஒரே வகை என்றால் கிரானி முடிச்சு. முனைகள் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையான வழக்கில் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. எல்லாப் பக்கமும் படமெடுத்து, முடிச்சுக்குத் தள்ளி வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நூலால் இணைத்துச் சீட்டுக் கட்டுவார்கள். இல்லையென்றால் எது கட்டியவன் விட்ட முனை, எது காவலர் வெட்டிய முனை என்ற குழப்பம் வரும். இறுகிய மடிப்புக்குள் கட்டியவரின் தோல் செல்கள்கூடச் சிக்கியிருக்கலாம்.

எஸ் என்றதும் ‘இடக்கைக்காரன்’ என்று முடிவுகட்டாதீர்கள். என் அக்கா இடக்கைக்காரி, நான் வலக்கை. இருவருக்கும் அம்மா கற்றுக்கொடுத்த ஒரே முடிச்சுதான்.

சேர்க்கை: ஒரு வாசகருக்கு எல்லா முடிச்சும் நேர்மாறாகவே வந்ததாம். கைபேசியின் முன் கேமராவில் எடுத்திருக்கிறார். படம் கண்ணாடிப் பிம்பமாகப் பதிவாகியிருந்தது. முடிச்சின் பக்கத்தில் எழுத்துள்ள அளவுகோல் ஒன்றை வைத்துவிடுங்கள். எழுத்து திரும்பியிருந்தால் படமும் திரும்பியிருக்கிறது.