விடுமுறைக்கால நியமனம்: அமெரிக்க அதிபரின் ஓர் அதிகாரத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பரில், தேர்தலில் வென்ற சில நாட்களுக்குள்ளாகவே, செனட் சபையில் குடியரசுக் கட்சியின் தலைவராக வர விரும்புகிற எவரும் விடுமுறைக்கால நியமனங்களுக்கு வழிவிட வேண்டும் என்று டொனால்டு ட்ரம்ப் கேட்டார். செனட்டின் ஒப்புதலைப் பெறாமலே உயர் பதவிகளை நிரப்பும் இந்த அதிகாரம், அமெரிக்க அரசமைப்பில் ஒரே ஒரு வாக்கியமாக இருக்கிறது. செனட் விடுமுறையில் இருக்கும்போது நேரும் காலியிடங்களை அதிபர் நிரப்பலாம், அந்த நியமனம் செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்போது காலாவதியாகும் என்பதே அதன் சாரம். வாக்கியம் சிறியது என்பதாலேயே, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள் அதிகம்.

முதல் சறுக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. 'தற்காலிக நியமனம்' என்றோ 'இடைக்கால நியமனம்' என்றோ எழுதிவிட்டால், பொறுப்பு வகிக்கும் அதிகாரியோடு அது கலந்துவிடும். பொறுப்பு அதிகாரிகளை அமர்த்துவதற்கு 1998ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி யாரை அமர்த்தலாம் என்பதற்கும், அவர் எத்தனை நாள் நீடிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பொதுவான வரம்பு 210 நாட்கள். விடுமுறைக்கால நியமனம் பெற்றவரோ, காலம் குறுகியதே தவிர, அந்தப் பதவியை முழுமையாகவே வகிக்கிறார். அரசுக்கு வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். இது அமைச்சர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பதும் பிழை. அதிபர் ஐசன்ஹோவர் 1953இல் ஏர்ல் வாரனை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இப்படித்தான் அமர்த்தினார். செனட் பிற்பாடு ஒப்புக்கொண்டது. 1795இல் ஜார்ஜ் வாஷிங்டன் இதே வழியில் தலைமை நீதிபதியாக்கிய ஜான் ரட்லெட்ஜை அந்த ஆண்டு டிசம்பரில் செனட் நிராகரித்தது.

காலக்கணக்கிலும் கவனம் தேவை. 'ஓராண்டுப் பதவி' என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. 2005 ஆகஸ்டில் ஜான் போல்டனை ஐ.நா. தூதராக ஜார்ஜ் புஷ் நியமித்தபோது, அந்த ஆண்டின் கூட்டத்தொடரே இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆகவே 'அடுத்த கூட்டத்தொடர்' என்பது 2006ஆம் ஆண்டினுடையது. அது முடியும்வரை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, அவர் பதவியில் இருக்க முடிந்தது. கூட்டத்தொடரின் நடுவே வரும் விடுமுறையில் நியமிக்கப்படுகிறவருக்கு, இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே நியமிக்கப்படுகிறவரைவிட நீண்ட காலம் கிடைப்பது இதனால்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அவையில் ஆளில்லை என்றால் அது விடுமுறை என்று எடுத்துக்கொள்வது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. சற்று நின்று பார்க்கலாம்.

2007 நவம்பரில் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த ஹேரி ரீட், புஷ் மேலும் நியமனங்களைச் செய்யாமல் தடுக்க, பெயரளவுக் கூட்டங்களை நடத்தத் தொடங்கினார். வெறிச்சோடிய அவையில் ஒரே ஓர் உறுப்பினர் தலைமை இருக்கையில் அமர்வார், சுத்தியலைத் தட்டுவார், அன்று அவர் தலைமை வகிப்பதற்கான கடிதத்தை எழுத்தர் படிப்பார், அடுத்த கூட்டம் எந்த நாளில் என்று அறிவித்து அவை ஒத்திவைக்கப்படும். பல நாட்களில் இது ஒரு நிமிடம்கூட நீடிக்காது. பார்ப்பதற்குக் கேலிக்கூத்தாகத் தெரியலாம். ஆனால் மூன்று நாட்களுக்கு ஒருமுறை இதைச் செய்தால் செனட்டுக்கு நீண்ட விடுமுறையே இல்லை என்றாகிவிடும்.

2011 இறுதியில் நடந்ததைச் 'செனட் ஒபாமாவைத் தடுத்தது' என்று சுருக்கி எழுதுவது அடுத்த பிழை. அப்போது செனட்டில் பெரும்பான்மை ஒபாமாவின் சொந்தக் கட்சிக்குத்தான் இருந்தது. தடையாக நின்றது பிரதிநிதிகள் சபை. நியமனங்களில் அந்தச் சபைக்கு வாக்கே கிடையாது. ஆனால் ஒரு சபை மற்றதன் சம்மதம் இல்லாமல் மூன்று நாட்களுக்கு மேல் ஒத்திவைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசமைப்பின் வேறோர் இடத்தில் விதி இருக்கிறது. குடியரசுக் கட்சியின் கையிலிருந்த பிரதிநிதிகள் சபை சம்மதம் தர மறுக்கவே, செனட் வேண்டா வெறுப்பாகப் பெயரளவுக் கூட்டங்களை நடத்த வேண்டியதாயிற்று. இந்த அதிகாரத்தின் சாவி அதிபரிடம் இல்லை, நாட்காட்டியை வகுக்கும் இரண்டு சபைகளிடமும் இருக்கிறது என்பது இந்த நிகழ்வில் தெரிந்ததுபோல் வேறெதிலும் தெரிந்ததில்லை.

அந்தக் கூட்டங்களை ஒபாமா பொருட்படுத்தவில்லை. 2012 ஜனவரி 4 அன்று, ஜனவரி 3, 6 ஆகிய நாட்களின் பெயரளவுக் கூட்டங்களுக்கு நடுவே, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூன்று உறுப்பினர்களையும், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு ரிச்சர்டு கார்ட்ரேயையும் அமர்த்தினார். வாஷிங்டன் மாநிலத்தில் பெப்சியைப் பாட்டிலில் நிரப்பி விநியோகிக்கும் நோயல் கேனிங் என்ற நிறுவனத்துக்கு எதிராக அந்த வாரியம் உத்தரவிட்டபோது, ஐந்து பேர் கொண்ட வாரியத்தில் மூவரின் நியமனமே செல்லாது, எஞ்சியவர்களை வைத்து உத்தரவிடப் போதிய எண்ணிக்கை இல்லை என்று அந்நிறுவனம் வழக்காடியது.

2014 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் நிறுவனத்தின் பக்கம் முடிவு சொன்னார்கள். செனட் தன் விதிகளின்படி அலுவல் நடத்தும் திறனோடு இருக்கும்வரை, தான் கூடியிருப்பதாக அது சொன்னால் அது கூடியிருக்கிறது என்பது தீர்ப்பின் மையம். அலுவல் எதுவும் நடக்காத கூட்டங்கள் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஆனால் 2011 டிசம்பர் 23 அன்று அப்படிப்பட்ட ஒரு கூட்டத்திலேயே ஊதிய வரிச்சலுகையை நீட்டிக்கும் மசோதாவை ஒருமனதாகச் செனட் நிறைவேற்றியிருந்தது. ஒரு மசோதாவை நிறைவேற்றக்கூடிய அவையை விடுமுறையில் இருப்பதாகச் சொல்வது கடினம்தான்.

தீர்ப்பு ஒருமனதானது என்றவுடன், அது இந்த அதிகாரத்தையே ஒழித்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். முடிவில்தான் ஒன்பது பேரும் ஒன்று. காரணத்தில் ஐந்துக்கு நான்கு. நீதிபதி பிரையர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, கூட்டத்தொடரின் நடுவே வரும் விடுமுறைக்கும், விடுமுறைக்கு முன்பே காலியாகிக் கிடந்த பதவிகளுக்கும்கூட இந்த அதிகாரம் செல்லும் என்றே சொன்னது. நீதிபதி ஸ்காலியாவும் மற்ற மூவரும் இரண்டையும் ஏற்கவில்லை. பத்து நாட்கள் என்ற அளவும் சில இடங்களில் திரிந்து வருகிறது: பத்து நாட்களுக்குக் குறைந்த விடுமுறை பொதுவாகப் போதாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது, தேசியப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழலுக்கு இடம் வைத்தது. செனட்டில் அரசியல் எதிர்ப்பு இருப்பது அத்தகைய சூழல் ஆகாது என்பதையும் சொல்லியே வைத்தது.

எண்ணிக்கையைப் பார்த்தால் மாற்றம் புரியும். கிளிண்டன் 139, புஷ் 171, ஒபாமா 32. ட்ரம்ப் தம் முதல் ஆட்சியில் ஒன்றும் செய்யவில்லை, பைடனும் செய்யவில்லை. இதற்குத் தீர்ப்பை மட்டும் காரணமாகக் காட்டுவதும் அரைகுறைதான். 2013 நவம்பரில் செனட் தன் நடைமுறையை மாற்றி, பெரும்பாலான நியமனங்கள் மீதான விவாதத்தைச் சாதாரணப் பெரும்பான்மையாலேயே முடிக்கலாம் என்று ஆக்கிக்கொண்டது. அதன்பின், செனட் தம் கட்சியிடம் இருக்கிற அதிபருக்கு இந்தக் குறுக்கு வழி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை; தேவைப்படுகிற அதிபருக்கு விடுமுறை கிடைப்பதில்லை. அதனால்தான் 2024இல் தம் கட்சியே பெரும்பான்மை பெற்ற செனட்டிடம் ட்ரம்ப் இதைக் கேட்டது கவனத்துக்குரியதாயிற்று.

தடுக்கும் வழிகளில் சம்பளத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். செனட் கூடியிருந்தபோதே காலியாக இருந்த பதவியில் இப்படி அமர்த்தப்பட்டவருக்கு, செனட் அவரை உறுதிப்படுத்தும்வரை ஊதியம் தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கூட்டத்தொடர் முடிவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் பதவி காலியாகியிருந்தாலோ, கூட்டத்தொடர் முடியும்போது அதற்கான பரிந்துரை செனட்டில் நிலுவையில் இருந்தாலோ விலக்கு உண்டு. இந்த விலக்குகளைச் சொல்லாமல் 'ஊதியமில்லாப் பதவி' என்று மட்டும் எழுதுவது தவறான படத்தைத் தரும். இந்த விலக்குகளில் அமர்த்தப்பட்டவரின் பெயரை அடுத்த கூட்டத்தொடர் தொடங்கிய 40 நாட்களுக்குள் அதிபர் செனட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கடைசியாக, அதிபரே இரண்டு சபைகளையும் ஒத்திவைத்து விடுமுறையை உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு. இந்தியாவில் கூட்டத்தொடரைக் குடியரசுத் தலைவர் முடித்துவைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது இயல்பாகத் தோன்றும். அமெரிக்காவில் அப்படி இல்லை. எப்போது ஒத்திவைப்பது என்பதில் இரண்டு சபைகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தால் மட்டுமே அதிபர் தலையிடலாம். 2020 ஏப்ரலில் இதைச் செய்யப்போவதாக ட்ரம்ப் சொன்னார், செய்யவில்லை. ஒரு சபை ஒத்திவைப்புத் தீர்மானத்தை நிறைவேற்றி, மற்றது மறுத்தால் அது வேறுபாடு ஆகிவிடும் என்பது இதை ஆதரிப்போர் வாதம். எந்த அதிபரும் இந்த விதியை இதுவரை பயன்படுத்தியதில்லை என்பதால் அந்த வாதத்தை எந்த நீதிமன்றமும் எடைபோட்டதில்லை. ஆகவே 'அதிபருக்கு அதிகாரம் உண்டு' என்று ஒரே வரியில் முடிப்பதும், 'அதிகாரம் இல்லை' என்று முடிப்பதும் சரியாகாது.