வேலைக்குப் போய்க்கொண்டே கணக்குப் படிக்க

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இரவு ஷிப்டு. பகுதி நேரப் பட்டப்படிப்பில் சேருமுன் இரண்டு வருடம் தனியாகவே லீனியர் அல்ஜீப்ரா (எண்களைக் கட்டமாக அடுக்கிப் போடும் கணக்கு) படித்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2001-இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற இணையப் பாடத் தளத்தில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகளின் வீடியோக்கள் இலவசம். பயிற்சிக் கணக்குகளும் கூடவே கிடைக்கும்.

வீடியோவைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அவர் கரும்பலகையில் கணக்கை எழுதியதும் நிறுத்தி, தாளில் நீங்களே போடுங்கள்.

அப்புறம், போட்ட தாளை யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். டிடர்மினன்ட், அதாவது ஓர் எண் கட்டத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒற்றை எண், கண்டுபிடிக்கும்போது கட்டத்தின் இரண்டு வரிசைகளை இடம் மாற்றினால் விடையின் கூட்டல், கழித்தல் குறியும் மாறும். அதை மறந்துவிட்டு, 12 வர வேண்டிய இடத்தில் -12 வருகிறதே என்று மூன்று வாரம் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வகுப்பில் விரிவுரையாளர் அந்த வரியில் பேனாவை வைத்து, "தம்பி, வரிசையை மாத்துனீங்க, குறி எங்க?" என்றார். பத்து விநாடிதான். கட்டிய கட்டணத்தில் பாதி அதற்கே சரி.

ஆகவே பாடத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு, வகுப்புக்குத் தப்பான தாளைக் கொண்டு போங்கள். சரியானதைக் காட்டி நல்ல பெயர் வாங்க ஆசை வரும், அடக்குங்கள்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மோடு வேலைக்குப் போனவர்கள் தயங்க வேண்டாம். மலேசியத் தகுதி முகமையின் ஏபெல் (முன் அனுபவக் கற்றலை அங்கீகரிக்கும் திட்டம்) வழியில் வேலை அனுபவத்தைக் காட்டியும் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு உண்டு, அனுபவத்துக்கான சான்றுகளைத் தொகுத்த கோப்பும் கேட்பார்கள். தொழிற்சாலையில் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். என்னுடையதில் இரண்டு அம்மாவின் அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தன.